நண்டு உண்மையிலேயே குறைந்துவிட்டதா? கழிமுகத்தில் நீங்களே அளந்து, எண்ணிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் கரையில் காலையில் நின்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "முன்ன மாதிரி நண்டு இல்லப்பா" என்பார்கள். கிள்ளையிலும் அதே பேச்சுதான். கடலூர் முதுநகர் உப்பனாற்றங்கரையிலும், புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலும்கூட இதையேதான் கேட்பீர்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைந்தது, எந்த நண்டு குறைந்தது, சிறுசு குறைந்ததா பெருசு குறைந்ததா என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். கையில் எண் இல்லாதபோது, அதிகாரி முன்னாலும் நாம் வெறும் வருத்தத்தைத்தான் சொல்லிவிட்டு வருகிறோம்.

அந்த எண்ணை எடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கரையில் இருக்கிற இரண்டு மூன்று பேர் ஒரு வருடம் ஒழுங்காக உழைத்தால் போதும். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், நண்டு பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். எப்படி என்பதை நான் செய்து பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இடமும் நாளும்

ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க அங்கேயே அளப்பது, பத்து இடத்தில் ஒவ்வொரு முறை அளப்பதைவிட எவ்வளவோ மேல். முடிந்தால் மூன்று புள்ளிகள் வையுங்கள்: முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நடு ஆற்றில் ஒன்று, உப்பு குறையத் தொடங்கும் மேல்பகுதியில் ஒன்று. வெள்ளாற்றில் செய்தால் இந்த மூன்றுக்கும் ஒரே நாளில் படகில் போய் வந்துவிடலாம். பிச்சாவரம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்புநிலக் காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் உள்ளே கூண்டு போடாதீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க ஆங்கிலத் தேதி உதவாது. நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம், அந்த நேரமும் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப்போகும். 5-ம் தேதி என்று நிர்ணயித்துவிட்டால் ஒரு மாதம் அமாவாசை ஓதத்தில் அளப்பீர்கள், இன்னொரு மாதம் நீரோட்டமே இல்லாத அட்டமியில் அளப்பீர்கள், இரண்டையும் ஒப்பிடவே முடியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து, அமாவாசைக்கு மறுநாள், பௌர்ணமிக்கு மறுநாள் என்று மாதம் இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். இதனால் இன்னொரு பலனும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

ஒரு வெர்னியர் காலிப்பர் (உப்பில் இரும்பு துருப்பிடித்துவிடும், அதனால் பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள்), ஒரு கிராம் வரை காட்டும் தராசு, உப்புத்தன்மை பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், வெப்பமானி, நண்டு கட்டச் சணல் கயிறு, மடக்கக்கூடிய நண்டுக் கூண்டு பத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் பிவிசி குழாயில் செய்த சதுரச் சட்டம், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம், நனைந்தால் போயிற்று. ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் வைத்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆற்றுநீரை விட வேண்டும்.

எந்த நண்டு என்று தெரிந்துகொள்வது

எல்லாவற்றையும் "நண்டு" என்று ஒரே கணக்கில் எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை. கழிமுகத்தில் முக்கியமாகப் பார்க்கப்போவது களி நண்டுதான். அதில் நம் பக்கம் இரண்டு இனம் உண்டு. ஸில்லா செர்ராட்டா பெரிதாக வளர்வது, கால்களில் எல்லாம் வலைக்கண் மாதிரி கோலம் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவில் நெற்றியில் உள்ள பற்கள் உயர்ந்து நிற்கும், கொடுக்கின் மணிக்கட்டில் வெளிப்பக்கம் இரண்டு முள் தெளிவாகத் தெரியும். ஸில்லா ஒலிவேசியா அதைவிடச் சிறியது, நெற்றிப் பற்கள் தாழ்வாக உருண்டிருக்கும், மணிக்கட்டில் ஒரு மழுங்கிய முள்தான் இருக்கும், கோலம் இருக்காது. குழம்பினால் மணிக்கட்டு முள்ளைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சேறு மாறினால் நிறமும் மாறும்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1998-ல்தான் இந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகத் தெளிவாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பும், இந்தியாவில் அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், இன்றைய ஒலிவேசியாவைச் செர்ராட்டா என்றும், இன்றைய செர்ராட்டாவை டிராங்க்யூபாரிகா என்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். டிராங்க்யூபார் வேறெங்கும் இல்லை, நமக்குத் தெற்கே இருக்கிற தரங்கம்பாடிதான். ஆக, பழைய கட்டுரையில் உள்ள அளவை எடுத்து "அப்போது இவ்வளவு பெரிதாக இருந்தது" என்று ஒப்பிடும் முன், அங்கே பேசப்படுவது எந்த நண்டு என்று விளக்கத்தைப் படித்து உறுதி செய்யுங்கள்.

முகத்துவாரப் பக்கம் நீல நண்டின் குட்டிகளும், முதுகில் மூன்று புள்ளி உள்ள முக்கண் நண்டும், சில சமயம் சிலுவை நண்டும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

கூண்டு போடுவது

ஒரே வகைக் கூண்டு, ஒரே வகை இரை, ஒரே அளவு இரை, ஒரே நேரம். மாலை ஆறு மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். இரைக்கு மீன் தலை நல்லது. ஒரு மாதம் மீன் தலை, மறு மாதம் கோழிக்குடல் என்று மாற்றினால் வித்தியாசம் நண்டால் வந்ததா இரையால் வந்ததா என்று தெரியாமல் போகும். கூண்டுக்குக் கூண்டு குறைந்தது இருபது முப்பது மீட்டர் இடைவெளி விடுங்கள்.

இங்கே பலர் தவறுகிற இடம், முயற்சியை (எத்தனை கூண்டு, எத்தனை இரவு என்பதை) எழுதாமல் பிடிப்பை மட்டும் எழுதுவது. ஒரு பேச்சுக்கு, போன மாதம் 20 கூண்டை இரண்டு இரவு போட்டு 26 நண்டு பிடித்தீர்கள், இந்த மாதம் 10 கூண்டை ஓர் இரவு போட்டு 11 நண்டு பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 எங்கே, 11 எங்கே, பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். கணக்குப் போடுங்கள்: போன மாதம் 40 கூண்டு-இரவுக்கு 26, அதாவது 0.65. இந்த மாதம் 10 கூண்டு-இரவுக்கு 11, அதாவது 1.1. உண்மையில் கூடியிருக்கிறது! "நண்டு குறைந்துவிட்டது" என்ற பேச்சில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. மீதிப் பாதிக்கு நேர் எதிரான கதை: முன்பு ஐந்து கூண்டில் கிடைத்தது இப்போது முப்பது கூண்டில் கிடைக்கிறது, மொத்தம் மாறவில்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. இந்த இரண்டாவது கதைதான் எனக்குப் பயம்.

இன்னொன்று, கூண்டு எல்லா நண்டையும் காட்டாது. ஓடு கழற்றப்போகிற நண்டு இரை எடுக்காது, அதனால் கூண்டுக்கு வராது. வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டும் அதிகம் வராது, அது பெரும்பாலும் கடலுக்குப் போயிருக்கும். பெரிய கடா நண்டு உள்ளே இருந்தால் சிறுசு நுழையாது. எனவே கூண்டோடு சேர்த்து, வற்றத்தில் பொந்துகளில் கொக்கிக் கம்பி விட்டுப் பிடிப்பவர்களின் பிடிப்பையும் தனியாக அளந்து எழுதுங்கள். பிச்சாவரம் ஓரத்தில் இருளர் குடும்பங்கள் கையாலேயே தடவிப் பிடிப்பார்கள். எந்த வேர்க்காலில் எந்த அளவு நண்டு இருக்கும் என்பதில் அவர்களுக்கு உள்ள அறிவை எந்தக் கூண்டும் தராது. மரியாதையாகக் கேளுங்கள், அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

அளப்பது

கொடுக்கைக் கட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். களி நண்டு விரலைப் பிடித்தால் எலும்பு வரை போகும். பின்பக்கமிருந்து, கடைசித் துடுப்புக் கால்கள் இரண்டுக்கும் நடுவில் பிடியுங்கள், கொடுக்கு அங்கே எட்டாது.

அகலத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? முதுகு ஓட்டின் முன் விளிம்பில் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பல் இருக்கும். கடைசிப் பல்லின் நுனியிலிருந்து எதிர்ப்பக்க நுனி வரை அளப்பது ஒரு முறை. எட்டாவது பல்லுக்கும் ஒன்பதாவது பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்திலிருந்து அடுத்த பக்கப் பள்ளம் வரை அளப்பது இன்னொரு முறை. நான் தொடங்கிய காலத்தில் நுனிக்கு நுனிதான் அளந்தேன். பொந்தில் உரசி உரசி நுனி தேய்ந்த கிழட்டு நண்டு எல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாகப் பதிவாகி, இரண்டு மாத நோட்டைத் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. களி நண்டுக்குப் பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பதே நல்லது. நீல நண்டுக்கு நுனிக்கு நுனி அளக்கிற வழக்கமே அதிகம், ஆனால் எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம் எடை. நண்டைத் தலைகீழாகப் பிடித்து நீரை வடித்துவிட்டு, கயிற்றின் எடையைக் கழித்து எழுதுங்கள். ஈரச் சணலே நல்ல கனம் கனக்கும்.

ஆணா பெண்ணா என்று வயிற்றுப்புற மடலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ஆணுக்குக் குறுகலாக, கூம்பாக இருக்கும். முதிராத பெண்ணுக்கு அகன்ற முக்கோணம். முதிர்ந்த பெண்ணுக்கு அரைவட்டமாக, கருத்து, ஓரத்தில் மயிர் அடர்ந்திருக்கும். இந்த மூன்றாவது வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். ஏனென்றால் ஒரு வருடம் கழித்து, அகல வாரியாகப் பெண் நண்டுகளை அடுக்கி, எந்த அகலத்தில் பாதிப் பேருக்கு மடல் அரைவட்டமாகிவிட்டது என்று பார்த்தால், உங்கள் ஆற்றில் நண்டு தாயாகும் அளவு கிடைத்துவிடும். சந்தைக்கு வரும் பெண் நண்டுகள் அந்த அளவுக்குக் கீழே அதிகம் இருந்தால், முட்டை விடும் முன்பே பிடிபடுகின்றன என்று அர்த்தம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேச இதைவிட வலுவான எண் கிடையாது.

முட்டையோடு கிடைத்தால் நிறத்தைக் குறித்துவிட்டு உடனே விடுங்கள். ஆரஞ்சு நிறம் புது முட்டை, பழுப்பாகிக் கருத்தால் பொரிக்கப்போகிறது. ஒரு களி நண்டு சுமப்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள். நீல நண்டிலும் முக்கண் நண்டிலும் மடலுக்கடியில் முட்டைக் கொத்து மாதிரியே, ஆனால் வழவழவென்று ஒரே உருண்டையாக மஞ்சள் பை இருந்தால், அது முட்டையே இல்லை. சாக்குலைனா என்ற ஒட்டுண்ணி. அது பிடித்த ஆண் நண்டின் மடலும் பெண்ணைப் போல அகன்றுவிடும். அதைத் தனியாகக் குறியுங்கள்.

வளர்ச்சியை நேரில் பார்க்கும் வழி

மீன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். நண்டு அப்படி இல்லை. ஓடு கெட்டி, அதற்குள் நீளவே முடியாது. ஓட்டைக் கழற்றி, மெத்தென்று இருக்கும் சில மணி நேரத்தில் தண்ணீரைக் குடித்து உப்பி, புது அளவுக்கு வந்து, பிறகு இறுகும். எனவே வளர்ச்சி என்பது இரண்டே கேள்வி: ஒரு கழற்றலில் எவ்வளவு கூடியது, அடுத்த கழற்றலுக்கு எத்தனை நாள்.

மிதக்கும் பெட்டியில் அறை பிரித்து, ஓர் அறைக்கு ஒரு நண்டாகப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் ஓடு கழற்றியதை மற்றது தின்றுவிடும். தினமும் உடல் எடையில் ஐந்து விழுக்காடு அளவுக்கு மீன் துண்டு போடலாம், மீந்ததை எடுத்துவிட வேண்டும். ஓடு கழற்றப்போவதைத் துடுப்புக் காலின் கடைசித் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பார்க்கலாம்: விளிம்புக்கு உள்ளே, பழைய ஓட்டை விட்டு விலகிய மெல்லிய கோடு ஒன்று ஓடும். முதல் முறை அதைப் பார்த்தபோது ஓர் உடம்புக்குள் இன்னோர் உடம்பு தயாராக நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது, இப்போதும் ஒவ்வொரு நண்டையும் வெயிலுக்குத் தூக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

கழற்றிய ஓட்டை எறியாதீர்கள். கண், கால், துடுப்பு எல்லாம் அப்படியே இருக்கும் அந்தக் காலிக்கூட்டின் அகலம்தான் நண்டின் பழைய அகலம். மூன்று நான்கு நாள் விட்டு, இறுகியபின் நண்டை அளங்கள். பழையது 60 மில்லிமீட்டர், புதியது 76 என்றால் கூடியது 16, அதாவது ஏறக்குறைய 27 விழுக்காடு. குட்டியில் இந்த விழுக்காடு அதிகமாகவும் இடைவெளி குறைவாகவும் இருக்கும். பெருசாக ஆக இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

பெட்டி நண்டு வேறு, ஆற்று நண்டு வேறு என்பதால் இரண்டாவது வழியையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் அளந்த அகலங்களைப் பத்து மில்லிமீட்டர் பிரிவுகளாக அடுக்கிப் பட்டை வரைபடம் போடுங்கள். தையில் 40-50 பிரிவில் ஒரு மேடு தெரிந்து, அது மாசியில் 50-60-க்கு நகர்ந்தால் அந்தக் கூட்டம் வளர்கிறது. மேடு நகராமல் அங்கேயே நின்றால் வளரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெப்ப மண்டலத்தில் குட்டிகள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும், பெருசுகளை வலை எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் மேடு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும்.

அகலமும் எடையும், அமாவாசையும் பௌர்ணமியும்

அமாவாசை நண்டு சதைப்பற்றாக இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மாதம் இரண்டு நாள் அளக்கச் சொன்னதே இதற்காகவும்தான்.

இரு நாளும் பிடித்த நண்டின் சராசரி எடையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அகலம் 100-லிருந்து 110 ஆனால் எடை பத்து விழுக்காடு கூடாது, ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும். ஏனென்றால் எடை அகலத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறும். அன்றைக்குக் கொஞ்சம் பெரிய நண்டு சிக்கியதே சதைப்பற்று மாதிரித் தெரியும். முதலில் வருடம் முழுக்க எடுத்த அகலத்தையும் எடையையும் மொபைல் விரிதாளில் ஏற்றி, இரண்டுக்கும் மடக்கை (log) எடுத்து, நேர்கோடு பொருத்துங்கள். கோட்டின் சரிவுதான் அடுக்கு எண். 80 மில்லிமீட்டர் நண்டு 100 கிராமும் 120 மில்லிமீட்டர் நண்டு 340 கிராமும் இருந்தால் அது 3.02 வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள், ஆண் முதிர முதிரக் கொடுக்கு பெருத்துக் கனக்கும். கொடுக்கு ஒடிந்தது, கால் இழந்தது எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒவ்வொரு நண்டின் உண்மை எடையை, அந்தக் கோடு சொல்லும் எடையால் வகுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் சதைப்பற்று, கீழே வந்தால் மெலிவு. இந்த விகிதத்தைத்தான் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒப்பிட வேண்டும்.

கூடவே "தண்ணி நண்டா" என்பதையும் குறியுங்கள். கிள்ளையில் ஒரு பெரியவர் நண்டைப் புரட்டி, காலடியில் ஓட்டைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். அமுங்கினால் "தண்ணி நண்டு தம்பி, தூக்கி அந்தாண்ட வை" என்பார். அது ஓடு கழற்றிச் சில நாளே ஆன நண்டு, உள்ளே சதை நிரம்பவில்லை, தண்ணீர்தான். அமாவாசைப் பிடிப்பில் தண்ணி நண்டு எத்தனை விழுக்காடு, பௌர்ணமிப் பிடிப்பில் எத்தனை விழுக்காடு என்று பார்த்தால், பாட்டி சொன்னதற்குப் பின்னால் ஓடு கழற்றும் நேரம் ஒளிந்திருக்கிறதா என்றும் தெரிந்துபோகும்.

மொத்தம் எத்தனை?

சேற்றுமேட்டில் ஓடும் சின்ன நண்டுகளுக்கு, அதிலும் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து அதை ஆட்டிக்கொண்டே இருக்குமே அவற்றுக்கு, சதுரச் சட்டம் போதும். வற்றத்தில் சட்டத்தை வைத்துவிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள், வெளியே வருவதை எண்ணுங்கள், பொந்துகளையும் எண்ணுங்கள். பொந்து எண்ணிக்கை நண்டு எண்ணிக்கை ஆகாது, காலிப் பொந்தும் உண்டு. சட்டத்தை எங்கே வைப்பது என்பதை உங்கள் கண் தீர்மானிக்கக் கூடாது, ஒரு கயிறு இழுத்து ஐந்து மீட்டருக்கு ஒரு முறை வையுங்கள்.

களி நண்டுக்குக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் முறை. 40 நண்டுக்கு முதுகில் நகப்பூச்சு வைத்து விட்டீர்கள். சில நாள் கழித்து 50 பிடித்ததில் 9-ல் குறி இருந்தது. மூன்று எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, 41-ஐ 51-ஆல் பெருக்கி, 10-ஆல் வகுத்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் 208. அந்தப் பகுதியில், கூண்டுக்கு வரும் அளவுள்ள நண்டு சுமார் 208. இதற்கு ஒரு வார இடைவெளிக்கு மேல் போகாதீர்கள். ஓட்டோடு குறியும் கழன்றுவிடும், குறி இல்லாத நண்டு கூடியதாகக் கணக்கு ஊதிப்போகும். பிடிக்கும் குடும்பங்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள், குறியுள்ளதைப் பிடித்தால் தகவல் தரட்டும்.

வருடத்தைப் படிப்பது

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது ஆற்றின் மேல்நீரில் உப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும், சித்திரை வைகாசியில் கடல்நீர் அளவுக்கு ஏறும். களி நண்டு இரண்டையும் தாங்கும், ஆனால் இடம் மாறும். நடு ஆற்றில் குறைந்து முகத்துவாரத்தில் கூடினால் அது இடமாற்றம், குறைவு இல்லை. மூன்று புள்ளி வைத்தது இதற்குத்தான். மேல்நீரை மட்டும் அளக்காமல் அடிநீரையும் எடுத்து அளங்கள், நண்டு இருப்பது அடியில்.

கோடையில் மணல் அடைத்து முகத்துவாரம் குறுகினால் அதையும் தேதியோடு எழுதுங்கள், கடலில் பொரித்த குஞ்சுகள் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது ஆற்று நண்டுக்கு விலை ஏறும், பிடிப்பவர்களும் கூடுவார்கள். அந்த மாதங்களில் உங்கள் கூண்டில் குறைந்தால் அதை வைத்து அவசரப்பட வேண்டாம், அடுத்த ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் அங்கே செய்கிறவர்களுக்கு நீரின் தரம் பற்றிய கேள்வி இயல்பாக வரும். ஆனால் நண்டு எண்ணிக்கை மட்டும் காரணத்தைச் சொல்லாது, நீர்ப் பரிசோதனை தனியாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, இனம் அடையாளம் காண்பதில் சந்தேகம் வந்தால் படத்தோடு அங்கே போய்க் கேட்கலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: எந்த இடம், எந்தக் கூண்டு, என்ன இரை, எத்தனை மணி நேரம், அகலத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளை அதே ஆற்றில் கூண்டு போடும்போது, உங்கள் எண்ணோடு தன் எண்ணை வைத்துப் பார்க்க அந்த ஒரு பக்கம் அதற்குத் தேவைப்படும்.